ஆளுநரை யார் நியமிப்பது, யார் நீக்குவது: ஐந்து வழிகளின் ஒப்பீடு

ஒரு மசோதா ஆளுநர் மாளிகையில் மாதக்கணக்கில் தேங்கும்போதும், தேர்தல் முடிவில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோதும், இந்தப் பதவி நமக்குத் தேவைதானா என்ற கேள்வி தமிழ்நாட்டில் மீண்டும் எழுகிறது. அண்ணாவின் பெயரால் வழங்கிவரும் 'ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்கு கவர்னர் எதற்கு' என்ற வாசகமும் உடனே மேடையேறுகிறது. ஆனால் இன்றைய முறை சரியில்லை என்று ஒப்புக்கொள்பவர்களும் அதற்கு அடுத்த கேள்வியில் திகைத்து நிற்கிறார்கள். பதவியை ஒழிப்பதா, முதலமைச்சரையும் சேர்த்துக் குழு அமைப்பதா, பேரவையே பெயர்களைத் தருவதா, மக்களிடமே விட்டுவிடுவதா? ஒவ்வொரு வழிக்கும் வலுவான வாதம் உண்டு. முதல் பார்வையில் கண்ணில் படாத விலையும் ஒவ்வொன்றுக்கும் உண்டு. அந்த விலைகளைத் தெரிந்துகொண்டு ஒரு நிலைப்பாட்டுக்கு வர விரும்பும் வாசகர்களுக்காக இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது?

ஆளுநரிடம் உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 163 அவரை அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவராகவே வைத்திருக்கிறது. 1974இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்தது. அவர் தாமாக முடிவெடுக்கும் இடங்கள் குறைவு: யாரை முதலமைச்சராக அழைப்பது, பேரவை நிறைவேற்றிய மசோதாவைத் திருப்பி அனுப்புவது அல்லது குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்குவது, மாநில ஆட்சியைக் கலைக்க வழிசெய்யும் பிரிவு 356இன் கீழ் அறிக்கை அனுப்புவது. குறைவுதான் என்றாலும், ஓர் ஆட்சி அமைவதும் கலைவதும் இந்தச் சில இடங்களுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடலாம். 1952இல் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் 152 இடங்களையே பெற்றிருந்தபோது, எதிர்க்கட்சிகள் டி. பிரகாசத்தைத் தலைவராகக் கொண்டு ஆட்சியமைக்க உரிமை கோரின. ஆளுநர் ஸ்ரீபிரகாசாவோ, எந்த அவையிலும் உறுப்பினராக இல்லாத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து ஆட்சியமைக்க அழைத்தார். புதிய அரசமைப்பின் கீழ் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே, அந்த மாளிகையில் இருப்பவரின் ஒரு முடிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பது தெரிந்துவிட்டது.

எனவே எந்த முறையையும் ஐந்து கேள்விகளால் அளக்கலாம். முதலாவது, ஆளுநரை நீக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? இரண்டாவது, அந்த முறை முதலமைச்சருக்குப் போட்டியாக இன்னோர் அதிகார மையத்தை உருவாக்குமா? மூன்றாவது, தொங்கு பேரவை அமையும்போது ஆளுநரின் முடிவை இரு தரப்பும் ஏற்குமா? நான்காவது, மசோதாவுக்கு ஒப்புதல், தண்டனைக் குறைப்பு, பேரவையைக் கூட்டுதல் போன்ற அன்றாடப் பணிகள் தடையின்றி நடக்குமா? ஐந்தாவது, அந்த முறையை அடைய அரசமைப்பில் எவ்வளவு திருத்தம் தேவை?

பொதுவெளியில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் நியமனத்தைச் சுற்றியே சுழல்கிறது. என் பார்வையில் முதல் கேள்விதான் மற்ற நான்கையும்விட எடை மிகுந்தது. ஒருவரை யார் பதவியில் அமர்த்தினார் என்பது ஒருநாள் நிகழ்வு. யார் எப்போது வேண்டுமானாலும் எழுப்பி அனுப்பலாம் என்பது அவர் கையெழுத்திடும் ஒவ்வொரு கோப்பிலும் கூடவே இருக்கும் செய்தி.

| முறை | நியமிப்பவர் | நீக்குபவர் | தேவைப்படும் திருத்தம் |
|---|---|---|---|
| இன்றைய முறை | ஒன்றிய அமைச்சரவையின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் | அதே வழியில் குடியரசுத் தலைவர் | இல்லை |
| தேர்வுக் குழு | பிரதமர், உள்துறை அமைச்சர், மக்களவைத் தலைவர், முதலமைச்சர் கொண்ட குழுவின் பரிந்துரையில் குடியரசுத் தலைவர் | ஒன்றிய மாநில உறவுகளை ஆராய்ந்த புஞ்சி ஆணையம் சொன்னபடி மாநிலச் சட்டமன்றம் | பிரிவுகள் 155, 156 |
| பேரவையின் பட்டியல் | பேரவை தரும் நால்வரில் ஒருவரைக் குடியரசுத் தலைவர் | குற்றச்சாட்டின் பேரில் பதவி நீக்கத் தீர்மானம் | பிரிவுகள் 155, 156 |
| நேரடித் தேர்தல் | வாக்காளர்கள் | பதவி நீக்கத் தீர்மானம் | பிரிவுகள் 155, 156, தேர்தல் விதிகள் |
| பதவி ஒழிப்பு | பொருந்தாது | பொருந்தாது | பல பிரிவுகள், பாதி மாநிலங்களின் ஒப்புதலும் |

## வழி 1: இன்றைய முறை

இந்த முறை அரசியல் நிர்ணய சபையின் முதல் விருப்பமாக இருக்கவில்லை. 1947இல் படேல் தலைமையிலான மாகாண அரசமைப்புக் குழு, வயது வந்தோர் அனைவரும் வாக்களித்து ஆளுநரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றே பரிந்துரைத்தது. 1948 வரைவு நேரடித் தேர்தல், பேரவை தரும் நால்வர் பட்டியல் என்ற இரண்டு மாற்றுகளை முன்வைத்தது. 1949 மே இறுதியில் சபை இரண்டையும் கைவிட்டு, குடியரசுத் தலைவரின் நியமனத்தை ஏற்றது. பிரிவினையின் காயம் ஆறாத காலம் அது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர் முதலமைச்சரோடு மோதுவார், மாகாணப் பிரிவினை உணர்வை வளர்ப்பார் என்ற நேருவின் அச்சத்தை அந்தச் சூழலில் வைத்துத்தான் படிக்க வேண்டும். நம் பக்கத்து உறுப்பினர்கள் இருவர் அப்போது பேசியவை இன்றும் கவனிக்கத் தக்கவை. நியமனத்துக்கு முன் மாகாண அமைச்சரவையைக் கலந்தாலோசிக்கும் மரபு கனடாவில் போல இங்கும் வளரும் என்று அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் நம்பினார். ஆளுநரை மத்திய அரசின் முகவராக வைக்கும் எண்ணம் இந்தச் சபைக்கு இல்லை என்று டி.டி. கிருஷ்ணமாச்சாரி வெளிப்படையாகச் சொன்னார்.

அந்த நம்பிக்கை பொய்த்ததற்குத் தனிமனிதர்களின் குணத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். காரணம் சட்டத்தின் எழுத்திலேயே இருக்கிறது என்பது என் கருத்து. பிரிவு 156 ஆளுநருக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலத்தைத் தருகிறது. ஆனால் குடியரசுத் தலைவர் விரும்பும் வரையில்தான் அந்த ஐந்தாண்டும். அல்லாடி முன்னுதாரணமாகப் பார்த்த கனடாவின் 1867ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்திலும் அதே விருப்பச் சொற்றொடர் உண்டு. ஆனால் அதை ஒட்டியே இன்னொரு வரியும் உண்டு: நியமிக்கப்பட்ட ஐந்தாண்டுக்குள் மாகாண ஆளுநரை நீக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும், அதை ஒரு மாதத்துக்குள் அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் அறிவிக்க வேண்டும். நாம் முதல் பாதியை வைத்துக்கொண்டோம், இரண்டாம் பாதியை விட்டுவிட்டோம்.

அந்த விடுபட்ட பாதியின் விளைவைத் தமிழ்நாடு 1991இல் நேராகக் கண்டது. தி.மு.க. ஆட்சியைக் கலைக்க ஒன்றிய அரசு முனைந்தபோது, அதற்குத் தேவையான அறிக்கையை அனுப்ப ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா மறுத்தார். ஒன்றிய அரசு நியமித்த ஆளுநர்தான் அவர். ஆயினும் அரசமைப்பு எதிர்பார்த்தபடி நடந்தார். பலன் என்ன? பிரிவு 356இல் 'அறிக்கையின் பேரிலோ வேறு விதமாகவோ' என்றிருக்கும் வாசகத்தின் பின்பாதியைப் பயன்படுத்தி, ஜனவரி 30 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. பர்னாலா பீகாருக்கு மாற்றப்பட்டார். அவர் பதவியைத் துறந்தார். நேர்மையாக நடந்த ஆளுநருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதை அதற்குப் பின் வந்த ஒவ்வொருவரும் அறிவார்.

இது ஒரு கட்சியின் பழக்கம் அன்று. 1984இல் ஆந்திரத்தில் என்.டி. ராமராவின் ஆட்சியை ஆளுநர் ராம்லால் நீக்கியதும் ஒரு மாதத்தில் ராமராவ் மீண்டும் முதல்வரானதும் காங்கிரஸ் காலத்தில். வி.பி. சிங் அரசு வந்ததும் ஆளுநர்கள் அனைவரையும் விலகச் சொன்னது. 2004இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி உத்தரப் பிரதேசம், குஜராத், அரியானா, கோவா ஆளுநர்களை நீக்கியது. 2014இல் பா.ஜ.க. ஆட்சிக்கு வந்த சில மாதங்களில் பல ஆளுநர்கள் பதவி விலகினர். 2004 நீக்கங்களை எதிர்த்த பி.பி. சிங்கால் வழக்கில், ஒன்றியத்தில் ஆட்சி மாறியது மட்டுமே ஆளுநரை நீக்கக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் நல்ல தீர்ப்பளித்தது. ஆனால் அது வந்தது 2010இல். நீக்கப்பட்ட நால்வருக்கும் அதனால் பயன் எதுவும் விளையவில்லை.

மறைமுகச் செலவு அன்றாடப் பணியில் கூடுகிறது. பேரறிவாளனை விடுவிக்க மாநில அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2021 ஜனவரியில், ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றமே விடுதலை செய்ய வேண்டியிருந்தது. துணைவேந்தர் நியமனம் தொடர்பானவை உள்ளிட்ட பத்து மசோதாக்கள் திரும்பி வந்து, 2023 நவம்பரில் பேரவை மீண்டும் நிறைவேற்றிய பின்னும் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கப்பட்டன. 2025 ஏப்ரல் 8 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று கூறி, காலக்கெடுவும் விதித்தது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவரின் வினாக்களுக்கு விடையளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவதும் செல்லாது என்றது. காரணமின்றிக் காலவரையற்றுக் கிடப்பில் போட்டால் நீதிமன்றம் ஓரளவு தலையிடலாம் என்ற சிறு வாசலை மட்டும் திறந்து வைத்தது. நீதிமன்றம் இனி இந்தக் குறையை முழுவதும் தீர்க்கும் என்று காத்திருப்பதற்கில்லை என்பதால்தான் எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி முன்னைவிட அவசரமாகியிருக்கிறது.

இந்த முறை சிறந்து விளங்கும் சூழல் இல்லாமல் இல்லை. மாநிலத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒருவருக்கு உள்ளூர் அணிகளில் உறவோ பகையோ இராது. நியமனம் விரைவாக முடியும். முதலமைச்சருக்குப் போட்டியான மக்கள் ஆதரவு அவரிடம் இருக்காது. மரபு வலுவாக உள்ள நாட்டில் இதுவே போதும்: 1961இல் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாண ஆளுநர் ஒரு மசோதாவை ஒதுக்கி வைத்தபோது, பிரதமர் டீபன்பேக்கரின் மத்திய அரசே அதற்கு ஒப்புதல் கிடைக்கச் செய்தது, அதற்குப் பின் கனடாவில் எந்த மசோதாவும் அவ்வாறு ஒதுக்கப்படவில்லை.

## வழி 2: முதலமைச்சரும் இடம்பெறும் தேர்வுக் குழு

ஆணையங்களின் விருப்பம் ஏறத்தாழ இந்தத் திசையில்தான் இருந்து வந்திருக்கிறது. தமிழ்நாடு அரசு 1969இல் அமைத்த இராஜமன்னார் குழு, மாநில அமைச்சரவையையோ அதற்கென அமைக்கப்படும் உயர்நிலைக் குழுவையோ கலந்தே ஆளுநரை நியமிக்க வேண்டும், நிரூபிக்கப்பட்ட குற்றத்துக்காக உச்ச நீதிமன்ற விசாரணைக்குப் பின்பே நீக்க வேண்டும், ஒருவருக்கு இரண்டாம் முறை அந்தப் பதவி கூடாது என்று 1971இல் சொன்னது. மறுமுறை பதவி என்ற ஆசையும் ஒரு கடிவாளம்தான் என்பதை அந்தக் குழு உணர்ந்திருந்தது. 1983இல் அமைக்கப்பட்ட சர்க்காரியா ஆணையம், முதலமைச்சருடன் கலந்தாலோசிப்பதைப் பிரிவு 155இலேயே எழுத வேண்டும் என்றும், ஒன்றியத்தில் ஆளும் கட்சியின் அரசியல்வாதியை வேறு கட்சி ஆளும் மாநிலத்துக்கு அனுப்பக் கூடாது என்றும் கூறியது. 2002இல் வெங்கடாசலையா ஆணையமும், 2010இல் புஞ்சி ஆணையமும் பிரதமர், உள்துறை அமைச்சர், மக்களவைத் தலைவர், முதலமைச்சர் ஆகியோர் கொண்ட குழுவைப் பரிந்துரைத்தன.

அந்த நான்கு பெயர்களையும் எண்ணிப் பாருங்கள். மூவர் ஒன்றிய ஆட்சியின் பக்கம், ஒருவர் மாநிலத்தின் பக்கம். பெரும்பான்மையால் முடிவு என்றால் முதலமைச்சரின் எதிர்ப்பு கோப்பில் பதிவாகும், நியமனம் வழக்கம்போல நடக்கும். ஆளுநருக்கோ 'முதலமைச்சரும் உட்கார்ந்த குழு தேர்ந்தெடுத்தவர்' என்ற புது மரியாதை கிடைக்கும். இதுதான் இந்த வழியின் முதல் மறைமுகச் செலவு, மாநிலங்கள் அவசரப்பட்டு ஏற்றுவிடக் கூடாததும் இதுவே.

ஒருமித்த முடிவு வேண்டும் என்று விதித்தால் வேறொரு செலவு வருகிறது. இணக்கம் ஏற்படாத மாதங்களில் நாற்காலி காலியாக இருக்காது; இன்னொரு மாநில ஆளுநர் கூடுதல் பொறுப்பு வகிப்பார். அந்த ஏற்பாடு எப்படி இருக்கும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2016 செப்டம்பர் முதல் 2017 அக்டோபர் வரை மகாராஷ்டிர ஆளுநர் வித்யாசாகர் ராவே தமிழ்நாட்டையும் கவனித்தார். ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்த நாட்களும், அவர் மறைவும், 2017 பிப்ரவரியில் ஓ. பன்னீர்செல்வம் தரப்பும் சசிகலா தரப்பும் எதிரெதிரே நின்ற வாரங்களும் அந்தக் காலத்துக்குள் அடங்கின. முழுநேர ஆளுநரின் தேவை மிகுதியாக இருந்த நேரத்தில் மாநிலத்துக்குப் பகுதிநேர ஆளுநர்தான் இருந்தார். ஆகவே ஒருமித்த முடிவு என்ற விதியோடு, குறித்த காலத்துக்குள் இணக்கம் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்து எழுதியாக வேண்டும்: உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி தற்காலிகமாகப் பொறுப்பேற்கலாம் என்பது ஓர் ஏற்பாடு.

மறுபக்கத்து ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1986 முதல் மாநில ஆளுநரின் நியமனமும் நீக்கமும் மாநிலப் பிரதமரின் ஆலோசனைப்படியே நடக்கின்றன. மரபு வேரூன்றிய அங்கு அது அமைதியாக ஓடுகிறது. கட்சித் தாவலும் குதிரை பேரமும் பழகிவிட்ட இடத்தில், பெரும்பான்மை இழந்த முதலமைச்சர் தம் ஆளுநரின் நிழலில் பேரவையைக் கூட்டாமலே காலம் கடத்தலாம். முதலமைச்சருக்கு நியமனத்தில் மறுப்புரிமை இருக்கட்டும். நீக்குவதில் தனி உரிமை கூடாது. இந்த நிபந்தனையோடு பார்த்தால், ஒன்றியத்திலும் மாநிலத்திலும் வெவ்வேறு கட்சிகள் ஆள்வது வழக்கமாகிவிட்ட நாட்டுக்கு இந்த வழி பொருத்தமானது.

## வழி 3: பேரவை தரும் பட்டியல்

1948 வரைவில் இருந்து மறக்கப்பட்ட இந்த யோசனையை இன்று பலர் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல முன்வைக்கிறார்கள். பேரவை உறுப்பினர்கள் மாநிலங்களவைத் தேர்தலில் உள்ளதுபோன்ற விகிதாசார முறையில் நால்வரைத் தேர்ந்தெடுப்பார்கள். குடியரசுத் தலைவர் அவர்களில் ஒருவரை நியமிப்பார். மாநிலத்தின் குரலும் ஒன்றியத்தின் குரலும் ஒருங்கே கேட்கும் என்பது இதன் கவர்ச்சி.

கணக்கைப் போட்டால் கவர்ச்சி குறைகிறது. தமிழ்நாட்டுப் பேரவையில் 234 உறுப்பினர்கள். நான்கு இடங்களுக்கான விகிதாசாரத் தேர்தலில் ஓர் இடத்தை உறுதியாக வெல்ல 47 வாக்குகள் போதும். 2021இல் அ.தி.மு.க.வுக்கு 66 உறுப்பினர்கள் இருந்தனர். அதாவது, ஆளும் கட்சிக்கு எத்தனை பெரிய பெரும்பான்மை இருந்தாலும் பட்டியலின் ஒரு பெயர் எதிர்க்கட்சியுடையதாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஒன்றிய அரசு அந்த ஒரு பெயரையே தேர்ந்தெடுக்கத் தடையேதும் இல்லை. அப்படி வருபவர் இன்றைய ஆளுநரைவிடக் கடினமான நிலையை உருவாக்குவார்: மாநில எதிர்க்கட்சியின் வேட்பாளர், ஒன்றிய அரசின் தேர்வு, 'பேரவையே தந்த பெயர்' என்ற சான்று, மூன்றும் அவரிடம் சேர்ந்திருக்கும்.

விகிதாசாரத்தை விட்டுவிட்டு, பேரவையின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெற்ற ஒரே பெயர் என்று மாற்றினால் இந்தக் குறை நீங்கும். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் பேசியாக வேண்டிய கட்டாயம் வரும். தொங்கு பேரவையில் அப்படிப்பட்டவரின் முடிவுக்கு மதிப்பிருக்கும். ஒரே கட்சி மூன்றில் இரண்டு பங்கையும் தனியாக வெல்வது அரிதாக உள்ள, இரு பெரும் அணிகள் மாறி மாறி வரும் மாநிலத்தில் இது நல்ல வழி. ஒரே அணி பேரவை முழுவதையும் அள்ளிக்கொள்ளும் மாநிலத்தில், ஆளுநர் ஆளும் கட்சியின் இன்னொரு பொறுப்பாளராகிவிடுவார்.

## வழி 4: நேரடித் தேர்தல்

கேட்டவுடன் ஜனநாயகமாகத் தோன்றும் இந்த வழியை நான் மிகவும் அஞ்சுகிறேன். முதலமைச்சர் ஒரு தொகுதியில் வென்று, பேரவையின் நம்பிக்கையால் ஆள்பவர். மாநிலம் முழுவதும் கோடிக்கணக்கான வாக்காளர்களிடம் வாக்குக் கேட்டு வென்ற ஒருவர், அந்த முதலமைச்சரின் ஆலோசனைப்படி மட்டும் கையெழுத்திட்டுக்கொண்டிருப்பார் என்று எதிர்பார்ப்பது மனித இயல்புக்கு மாறானது. அந்தத் தேர்தலில் கட்சிகளே வேட்பாளரை நிறுத்தும், கட்சிகளே செலவு செய்யும், வேட்பாளர்கள் வாக்குறுதி தருவார்கள். வாக்குறுதி தந்தவர் அதை நிறைவேற்ற அதிகாரம் கேட்பார். 1949இல் நேரு சொன்ன காரணங்களில் இந்த மோதல் பற்றியது மட்டும் எழுபதாண்டுகளுக்கு மேல் கடந்தும் வலுவிழக்கவில்லை. அமெரிக்காவில் ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது இங்கே பொருந்தும் சான்று அன்று. அங்கே ஆளுநர்தான் ஆட்சித் தலைவர், தனியே முதலமைச்சர் இல்லை. நாமும் அந்த ஆட்சிமுறைக்கே மாறுவதாக இருந்தால் மட்டும் இந்த வழியை எடுக்கலாம்.

## வழி 5: பதவியையே ஒழிப்பது

இந்தக் கோரிக்கையை வெறும் கோபம் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. ஜெர்மனியின் மாநிலங்களில் ஆளுநர் இல்லை. மாநிலச் சட்டமன்றம் தன் முதல்வரைத் தானே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது. இந்தியாவிலும் பேரவையால் அதைச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 1998 பிப்ரவரியில் உத்தரப் பிரதேச ஆளுநர், முதல்வர் கல்யாண் சிங்கை நீக்கி ஜகதாம்பிகா பாலை முதல்வராக்கியபோது, இருவரில் யாருக்கு ஆதரவு என்று பேரவையிலேயே வாக்கெடுப்பு நடத்த உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கல்யாண் சிங்குக்கு 225 வாக்குகள், பாலுக்கு 196. ஆளுநரின் மதிப்பீடு தவறு என்பது ஒரே நாளில் தெளிவாயிற்று. 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில், பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் பேரவைதான் என்று ஒன்பது நீதிபதிகள் சொன்னது நடைமுறையில் எவ்வளவு எளிது என்பதும் அன்று தெரிந்தது. ஆளுநரின் தனி முடிவுகளில் மிக முக்கியமானதை எந்தச் சேதமும் இல்லாமல் பேரவைக்கே மாற்றிவிடலாம்.

சிக்கல் மற்ற பணிகளில் தொடங்குகிறது. பதவியை ஒழித்தால் பேரவையைக் கூட்டுவது, மசோதாவில் கையெழுத்திடுவது, முதலமைச்சர் பெரும்பான்மை இழந்துவிட்டதாகக் கடிதங்கள் வரும்போது வாக்கெடுப்புக்கு நாள் குறிப்பது ஆகியவை யாரிடம் செல்லும்? பலர் பேரவைத் தலைவரைச் சொல்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் 2022இல் சிவசேனை பிளந்த விவகாரத்தில், ஆளுநர் நம்பிக்கை வாக்கெடுப்புக்கு உத்தரவிட்டது சரியன்று என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே விவகாரத்தில் தகுதிநீக்க மனுக்களுக்குப் பேரவைத் தலைவரின் முடிவு 2024 ஜனவரியில்தான் வந்தது. ஆளுநரிடம் காணும் சார்பு, பேரவைத் தலைவரிடம் போனால் மறைந்துவிடும் என்று நம்ப அந்த அனுபவம் இடம் தரவில்லை.

இன்னொரு செலவு சட்டப் புத்தகத்தின் மூலையில் இருக்கிறது. ஆளுநரின் நியமனம், பதவிக்காலம் பற்றிய பிரிவுகளைத் திருத்த நாடாளுமன்றத்தின் சிறப்புப் பெரும்பான்மை போதும். ஆனால் உயர் நீதிமன்ற நீதிபதிகள் நியமனத்தில் ஆளுநரைக் கலந்தாலோசிக்கச் சொல்லும் பிரிவு 217உம், அவர் முன் உறுதிமொழி எடுக்கச் சொல்லும் பிரிவு 219உம் உயர் நீதிமன்றங்களைப் பற்றிய அத்தியாயத்தில் உள்ளன. அந்த அத்தியாயத்தில் எதைத் தொட்டாலும், பிரிவு 368இன்படி பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஒப்புதல் தர வேண்டும். ஆளுநரைத் துறப்பதற்குத் தமிழ்நாட்டின் தீர்மானம் மட்டும் போதாது. தங்கள் ஆளுநரோடு எந்தப் பூசலும் இல்லாத மாநிலங்களையும் இணங்க வைக்க வேண்டும். புதிய அரசமைப்பை எழுதும் நாடு எதுவானாலும் இந்த வழியைத்தான் பரிந்துரைப்பேன். இருக்கும் அரசமைப்புக்குள் இருந்துகொண்டு விரைவில் ஒரு மாற்றத்தை விரும்புவோருக்கு இது நீண்ட பாதை.

## நான் எங்கே நிற்கிறேன்

ஐந்து கேள்விகளையும் வைத்துப் பார்த்தால், முதலமைச்சருக்கு மறுப்புரிமை உள்ள தேர்வுக் குழுவே இன்றைய இந்தியாவுக்கு ஏற்றது என்பது என் முடிவு. அந்தக் குழு எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும் பிரிவு 156 இன்றுள்ளபடியே இருந்தால் பயனில்லை என்பதும் அந்த முடிவின் ஒரு பகுதி. ஒருமித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவரையும் மறுவாரமே காரணம் சொல்லாமல் மாற்றிவிடலாம். பர்னாலாவின் இடத்தில் எந்தக் குழு தேர்ந்தெடுத்தவர் இருந்திருந்தாலும் அதே பீகாருக்குத்தான் மாற்றப்பட்டிருப்பார்.

எனவே இரண்டையும் ஒரே நேரத்தில் பெற முடியாத நிலை வந்தால், நியமனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நீக்கத்தை முதலில் மாற்றுங்கள் என்பேன். ஒன்றிய மாநில உறவுகளை ஆராய 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் குழு அமைத்தது போன்ற முயற்சிகளில் ஆளுநர் பற்றி நூறு யோசனைகள் குவியும். அவற்றுள் முதலில் கையிலெடுக்க வேண்டிய திருத்தம் மிகச் சிறியது: 'குடியரசுத் தலைவர் விரும்பும் வரை' என்பதை எடுத்துவிட்டு, ஐந்தாண்டு உறுதியான பதவிக்காலம், மறுநியமனம் கிடையாது, ஆளுநரின் ஒப்புதலின்றி வேறு மாநிலத்துக்கு மாற்றம் கிடையாது, எழுத்தில் தெரிவிக்கப்பட்ட குற்றச்சாட்டின் மீது விசாரணை நடந்த பின்பே நீக்கம் என்று எழுதுவது. கடைசி நிபந்தனையில் புஞ்சி ஆணையம் சொன்னபடி நீக்கும் தீர்மானத்தை மாநிலச் சட்டமன்றத்திடமே ஒப்படைப்பதாக இருந்தால், சாதாரணப் பெரும்பான்மை போதாது. மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களிக்க வேண்டும், இல்லையெனில் ஒன்றிய அரசின் பிடியிலிருந்து விடுபட்டவர் ஆளும் கட்சியின் பிடியில் விழுவார். இந்தத் திருத்தம் உயர் நீதிமன்ற அத்தியாயத்தைத் தொடுவதில்லை. பாதி மாநிலங்களின் ஒப்புதலும் இதற்குத் தேவையில்லை. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கும் கிடைத்தால் போதும்.